செல்லக்கண்ணு கடை அடை

‘இப்போ “ஆனா”ன்னு சொல்லப்போறார். சொல்லட்டும். இன்னிக்கு மட்டும் சொன்னார்னா, இந்தக் கரண்டியைக் கீழே வெச்சுட்டு வாசலோட போயிடறேன்.’

வேதவதி கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் யதிராஜன் அடையில் ஒரு விள்ளல் பிய்த்தார். வெண்ணெயில் தொட்டு, வெல்லத்தில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. கண் திறந்தது.

“நன்னாத்தான் இருக்கு” என்றார். “ஆனா, செல்லக்கண்ணு கடை அடை மாதிரி வரலை.”

வேதவதி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வாசலோடு போகவும் இல்லை. அடுத்த அடையைக் கல்லில் தட்டினாள். மனசுக்குள் போட்ட சபதங்களையெல்லாம் நிறைவேற்றியிருந்தால், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பல தடவை காவேரியிலும், மாறுதலுக்குச் சில தடவை கொள்ளிடத்திலும் விழுந்திருக்க வேண்டும்.

செல்லக்கண்ணு கடை காவேரிக்கு அக்கரையில், திருச்சித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. தகரக் கூரை போட்ட பழைய கடை. மத்தியானம் கல் காய ஆரம்பித்தால் விளக்கு வைக்கிறவரை கூட்டம் ஓயாது என்று ஊரே சொல்லும். யதிராஜன் பெரிய கடைவீதியில் ஒரு நூல் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் வேதவதி கட்டிக் கொடுக்கிற டப்பாவோடு கிளம்பிப் போவார். அங்கிருந்து கடைக்கு நடக்கிற தூரம்தான். சாயங்காலம் வீடு திரும்பி அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், மிளகாயும் பெருங்காயமும் எண்ணெய்ப் புகையும் கலந்த ஒரு வாசனை அறை முழுக்கப் பரவும்.

கல்யாணமான புதிதில் அந்தச் சட்டையை முகர்ந்துவிட்டு, யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று வேதவதி அழுதிருக்கிறாள். விசாரித்தபோது, இருப்பது ஒருத்தி இல்லை, ஓர் அடை என்று தெரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் யோசித்தாள். ஒருத்தியாக இருந்திருந்தால் அவளுக்கும் வயசாகியிருக்கும், இடுப்புப் பெருத்திருக்கும், ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த ஊருக்குப் போயிருப்பாள். அடை அப்படிப் போகாது. தினமும் புதுசாகக் கல்லிலிருந்து இறங்கிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக் குடும்பத்துப் பிள்ளை கடையில் சாப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. மாமியார் காதில் விழுந்தால் வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். அதனால் கடையின் பெருமையெல்லாம் ராத்திரி, கதவைச் சாத்திய பிறகு, தாழ்ந்த குரலில் வேதவதிக்கு மட்டும் சொல்லப்பட்டது. மற்ற புருஷர்கள் அந்த வேளையில் அந்தக் குரலில் வேறு ஏதோ சொல்வார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

“கல்லுக்குப் பக்கத்திலேயே சுடச்சுடச் சாப்பிடணும் வேதா” என்பார் யதிராஜன். “ஆறினா அது அடையே இல்லை. வெங்காயம் கிடையாது. பூண்டு கிடையாது. நம்மாத்துத் தளிகை மாதிரி அவ்வளவு சுத்தம். ஆனா ருசி மட்டும் எங்கேயோ போயிடறது.”

அந்த எங்கேயோவைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மெல்லிசாகத் தட்டினாள், செல்லக்கண்ணு கனமாகத் தட்டுவானாம். கனமாகத் தட்டினாள், அவன் ஓரத்தை மட்டும் மெல்லிசாக விடுவானாம். மிளகாயைக் கூட்டினாள், குறைத்தாள், முருங்கைக் கீரை போட்டாள், போடாமல் விட்டாள். எது செய்தாலும் நன்றாகத்தான் இருந்தது. எது செய்தாலும் ‘ஆனா’ வந்தது. தன் கைக்கு எதுவும் வராது என்று அவளே நம்ப ஆரம்பித்து வெகு நாளாகிவிட்டது. யாராவது அவள் சமையலைப் புகழ்ந்தால், பாவம், இவர்கள் செல்லக்கண்ணு கடைக்குப் போனதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் மானேஜர் அற்புதசாமி வருகிற செய்தி வந்தது.

அற்புதசாமி கம்பெனியின் மதுரைத் தலைமை ஆபீசில் இருப்பவர். திருச்சிக் கிளையில் ஹெட் கிளார்க் நாற்காலி காலியாகப் போகிறது. அதற்கு இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். ஒருவர் யதிராஜன். இன்னொருவர் காட்டூர் தைரியராஜ். போன தடவை மானேஜர் வந்தபோது தைரியராஜ் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கோழி அடித்துப் போட்டுவிட்டார். அன்று முதல் யதிராஜனுக்குத் தூக்கமில்லை. உத்தர வீதியில் கோழிக்கு எதிராக எதைப் போட முடியும்? அடையைத்தான் போட முடியும். கோபுரம் பார்க்க வாருங்கள், அப்படியே எங்கள் வீட்டில் டிபன் என்று கூப்பிட்டுவிட்டார். மானேஜரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். மாமியார் பேரன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மன்னார்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், கிறிஸ்தவர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு வீட்டில் அப்போதைக்குத் தடை இல்லை.

இதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு யதிராஜன் கடைசியில் ஒன்று சொன்னார்.

“நீ சிரமப்பட வேண்டாம். அடையைச் செல்லக்கண்ணு கடையிலேர்ந்து கட்டி எடுத்துண்டு வந்துடறேன். நீ காபி மட்டும் போட்டா போதும்.”

வேதவதிக்குக் காது சூடாகியது. இத்தனை நாள் ‘ஆனா’ இரண்டு பேருக்குள் இருந்தது. இப்போது அது தட்டில் ஏறி, கூடத்துக்கு வந்து, வெளி மனிதர் முன்னால் உட்காரப்போகிறது. தன் அடுக்களையில் அடுப்பு இருக்க, ஆள் இருக்க, விருந்துக்கு வந்தவருக்கு அக்கரையிலிருந்து அடை வரப்போகிறது. இதை விழுங்கிவிட்டால் அப்புறம் இந்த அடுக்களையில் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்னை அந்தக் கடைக்கு ஒரு தடவை அழைச்சுண்டு போங்கோ” என்றாள்.

யதிராஜன் தும்மினார்.

“நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கறேன். நெஜமாவே அது என்னோடதைவிட ஒசத்தியா இருந்தா, காபியைப் போட்டுட்டுப் பேசாம இருந்துடறேன். இனிமே அதைப்பத்தி மூச்சு விடமாட்டேன். இல்லேன்னா நாளன்னிக்கு அடை நான்தான் பண்ணுவேன்.”

பெண்கள் அங்கே போவதில்லை என்றார் யதிராஜன். நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்றார். நாளைக்கு இலையில் கட்டி வாங்கி வருகிறேன், வீட்டிலேயே சாப்பிட்டுப் பார் என்றார். ஆறினால் அது அடையே இல்லை என்று அவர் இத்தனை வருஷமாகச் சொன்னதை வேதவதி அவருக்குத் திருப்பிச் சொன்னாள். சரி, நாளைக்கே போகலாம் என்றார் யதிராஜன். ராத்திரி வெகுநேரம் புரண்டு கொண்டிருந்தார். தன் நாக்கு தோற்றுவிடப்போகிறதே என்ற பயத்தில் வேதவதியும் அந்தப் பக்கம் திரும்பிப் புரண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனி அரை நாள். யதிராஜன் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, நெற்றியைத் திருத்திக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரிக் கிளம்பினார். வாசல்படி இறங்கியதும் அடுத்த வீட்டு வைஜயந்தி மாமி எதிரில் நின்றாள்.

“ரெண்டு பேருமா எங்கே கிளம்பியாச்சு?”

“மலைக்கோட்டைக்கு” என்றார் யதிராஜன் அவசரமாக.

“மலைக்கோட்டைக்கா?” மாமியின் முகம் சுருங்கியது. “அங்கே யார் இருக்கா நமக்கு?”

உச்சிப் பிள்ளையாரும் தாயுமானவரும் மாமிக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. யதிராஜன் தப்பை உணர்ந்து, கோவிலுக்கு இல்லை, அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போகிறோம் என்று மாற்றினார். யாருக்குப் பல் வலி என்று மாமி கேட்டாள். ‘எனக்கு’ என்று கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பதிகள் ஒற்றுமையாக இருக்கலாம், இவ்வளவு ஒற்றுமை ஆகாது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. உள்ளே போய் ஒரு பிடி கிராம்பு கொண்டு வந்தாள். “டாக்டர்கிட்டப் போனா பிடுங்கிப்பிடுவான். இதை மென்னுண்டே போங்கோ, வலி ஓடிப்போயிடும்” என்று ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டாள். கையில் வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தார்கள். மாமி விடவில்லை. வாயில் போட்டு மெல்லுகிறவரை வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ராஜகோபுரத் தெருவைத் தாண்டுவதற்குள் வேதவதியின் நாக்கு மரத்துவிட்டது. பல்லால் கடித்துப் பார்த்தாள். யாருடைய நாக்கையோ கடிப்பதுபோல் இருந்தது. தீர்ப்புச் சொல்லப்போகிற நாளில் நீதிபதியை மயக்கம் போட வைத்தாயிற்று. திருவானைக்காவலில் பஸ் நின்றபோது யதிராஜன் இறங்கி, கோலிசோடா வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். சோடா நாக்கைத் தொட்டதே அவளுக்குத் தெரியவில்லை, நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது. காவேரிப் பாலம் நெடுகிலும் ஏப்பம் வந்தது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது ஏப்பத்தை யதிராஜன் தனதாக ஏற்றுக்கொண்டு அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். வேதவதிக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. அதை அப்போது அவள் விரும்பவில்லை.

தெப்பக்குளத்தில் இறங்கிச் சந்துக்குள் திரும்பியதும் வாசனை வந்தது. அவள் தினமும் சட்டையில் முகர்ந்த அதே வாசனை. நாக்கும் நல்லவேளையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த வாசனைக்கு நான் தோற்றுத்தான் போவேன் என்று நினைத்தாள். தோற்றால் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ‘ஆமாம், நன்னாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைக்கிற மாதிரித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

யதிராஜனின் கால்கள் கடைக்குள் போகவில்லை. சந்தின் எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த பாத்திரக் கடை ஒன்றின் படி ஓரமாகப் போய் நின்றுவிட்டன. மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்த இடத்துக்குள் பெண்டாட்டியை எப்படி அழைத்துப்போவது என்று தயங்குகிறார் என வேதவதி நினைத்துக்கொண்டாள்.

“இங்கேயே சித்த நிக்கலாமே. வாசனை நன்னா வரது பாரு.”

“வாசனைக்கா பஸ் ஏறி வந்தோம்?” என்று கேட்டுவிட்டு அவளே சந்தைக் கடந்தாள்.

வாசலில் கூரைச் சட்டம் தாழ்வாக இருந்தது. உள்ளே போகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்து வேதவதியும் குனிந்தாள். யதிராஜன் நிமிர்ந்து நடந்து நெற்றியில் வாங்கிக்கொண்டார்.

“சட்டத்தை நேத்திக்குத்தான் எறக்கியிருப்பான்” என்றார், திருமண் கலைந்த நெற்றியைத் தடவியபடி.

மடிசார் கட்டிய ஒருத்தி உள்ளே வந்ததும் கடை ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு நாலைந்து பேர் தங்கள் இலைகளைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டார்கள். தோளில் துண்டும் பெரிய மீசையுமாகப் பரிமாறிக்கொண்டிருந்த வயசானவர் யதிராஜனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவரை எல்லாரும் வீரமலை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அட, ஐயாவா. வாங்க வாங்க. என்னங்க இன்னிக்கு அதிசயமா...”

“பேச்செல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம்” என்று யதிராஜன் குறுக்கிட்டார். “முதல்ல ரெண்டு அடை. வெண்ணெய், வெல்லம்.”

கடைக்காரர்கள் இவரை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று வேதவதிக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டில் அவள்கூட இவரைக் கண்டு இப்படி முகம் மலர்ந்து நாளாகிவிட்டது.

வெண்ணெய் வெல்லமெல்லாம் தங்கள் கடையில் என்றைக்கும் கிடையாது, காரச் சட்னிதான் என்றார் வீரமலை. சரி சரி என்றார் யதிராஜன், காதில் சரியாக விழாதவர் மாதிரி.

இலை வந்தது. அடை வந்தது. வேதவதி பெருமாளை நினைத்துக்கொண்டு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டாள்.

மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

வெளியே கருகியிருந்தது. உள்ளே பச்சை மாவு பல்லில் ஒட்டியது. பருப்பு பாதி அரைபட்டும் பாதி கல்லாகவும் கிடந்தது. எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லக் கடையின் வயசு ஆனவர்கள் யாராவது வேண்டும். முதலில் அவள் தன் நாக்கைத்தான் சந்தேகித்தாள். காரச் சட்னியைத் தனியாகத் தொட்டுப் பார்த்தாள். காரம் சுரீரென்றது. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அடைதான் நன்றாக இல்லை.

தோற்பதற்கு அவ்வளவு ஒத்திகை பார்த்து வந்தவளுக்கு, ஜெயித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி யதிராஜனைப் பார்த்தாள். அவர் முதல் வாயை இன்னும் விழுங்கவில்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பக்கத்துக்காரர் இலையைப் பார்த்தார்.

“கிராம்பு” என்றார் கடைசியில். “அந்த மாமி குடுத்த கிராம்பு. நாக்கு மரத்துப்போச்சு. சூடா ஏதாவது குடிச்சாச் சரியாப் போயிடும்.”

காபி வரவழைத்து ஒரே மடக்காகக் குடித்தார். நாக்கு வெந்துவிட்டது. அப்படியும் அடை மாறவில்லை. உள்ளே வேகவில்லை, அதுதான் குறை என்று கண்டுபிடித்து, இரண்டு அடையையும் திரும்பக் கல்லில் போட்டு எடுத்துவரச் சொன்னார். வந்தபோது அவற்றை அடை என்று அடையாளம் காட்டிக்கொடுக்க வீரமலை பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. நெய் விட்டால் இளகும் என்றார் யதிராஜன். நெய் என்று வந்தது டால்டா. அது அடையின் மேல் வெள்ளையாக உறைந்து, மழையில் நனைந்த சுவர் மாதிரி ஆயிற்று. இன்னும் ஓர் அடை, முறுகலாக, புதிதாக என்றார் யதிராஜன். நெற்றியிலிருந்து வேர்வை திருமண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

புதிய அடையைப் பிய்த்தபோது அதிலிருந்து ஊதா நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டு வந்தது. வேதவதி அதை இரண்டு விரலால் உருவி எடுத்தாள்.

“இது என்ன?”

யதிராஜன் தேள் குஞ்சைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

“வெங்காயமே கிடையாதுன்னேளே.”

“இன்னிக்குத் தவறி விழுந்திருக்கும்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூட்டைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, வெங்காயம் போடாமல் எந்த ஊரில் அடை செய்கிறார்கள் என்று உண்மையான வருத்தத்தோடு விசாரித்தார்.

அப்படியானால் இத்தனை வருஷமும் இவர் வெங்காயம் தின்றிருக்கிறார். தின்ற வாயோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் விடிகாலையில் விஸ்வரூப சேவைக்கு முதல் வரிசையில் நின்றிருக்கிறார். வேதவதிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. மாறாக, தன்னுடைய கணவர் தான் நினைத்ததைவிடத் துணிச்சல்காரர் என்று ஒரு கண நேரம் பெருமையாக இருந்தது. கையில் இருந்த வெங்காயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கடையில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

“மாஸ்டர் மாறிட்டாரோ?” என்று யதிராஜன் வீரமலையிடம் கேட்டார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

“அதே ஆளுதாங்க. கடை தொறந்த நாள்லேர்ந்து அவருதான். ஒரு நாள் கை மாறினதில்ல.”

வேதவதிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. கடையில் தவறில்லை. மாஸ்டரிலும் தவறில்லை. இவருக்கு நாக்கு இல்லை. பிறக்கும்போதே பெருமாள் அந்த இடத்தில் ஒரு துண்டு தோலை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார். செவிடனுக்கு முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பாடியிருக்கிறாள். அவன் நன்றாக இல்லை என்று தலையாட்டியதைப் பார்த்துத் தொண்டையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

ஜெயித்தது சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. இவ்வளவு நாள் அவள் பயந்து, ராத்திரியில் நினைத்து நினைத்து வெந்து, மாவில் கை வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரிப்பதாகக் கற்பனை செய்த எதிராளி, பாவம், இப்படி டால்டா மூடிக் கிடக்கிறது. அதைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்தது. அவரைப் பார்த்தும் வந்தது. ஊனமுற்றவரிடம் இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

யதிராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால் பேசுகிற அதே குரல்.

“வேதா, இதை மானேஜருக்குப் போட முடியாது. போட்டா ஹெட் கிளார்க் நாற்காலியைத் தைரியராஜ் வீட்டுக்குத் தூக்கிண்டு போயிடுவான். நாளைக்கு நீயே பண்ணிடேன்.”

அவள் இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் மனசு தானாகப் பருப்பை ஊறப் போட ஆரம்பித்தது. துவரம்பருப்பு ஒரு பங்கு கூட. மிளகாயை நைசாக அரைக்க வேண்டும். வெண்ணெய் கோனார் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். போனால் போகிறது, ‘ஆனா’வை மன்னித்துவிடலாம். நாக்கு இல்லாதவரிடம் எதற்குப் பகை? சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் வீரமலை தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டார். பாதிக்கு மேல் மிச்சம் கிடந்த இலைகளைப் பார்த்தார். யதிராஜன் அவசரமாகக் கையைத் தூக்கித் தடுத்தார். ஆனால் இன்னொரு துண்டு அடையை அப்போதுதான் வாயில் போட்டிருந்ததால் குரல் வரவில்லை.

“ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா” என்றார் வீரமலை. “ஐயாவுக்கு எங்க அடை எறங்காதுன்னு எனக்குத் தெரியும். இத்தன வருசமா எதிர்த்தாப்ல அந்தப் படியில ஒக்காந்து, எங்க கல்லு வாசனையப் புடிச்சுக்கிட்டே, நீங்க கட்டிக் குடுத்த டப்பாவைத்தான தெனம் வழிச்சு வழிச்சுச் சாப்புட்டுட்டுப் போறாரு. கடைக்குள்ள அவரு கால வெச்சது இன்னிக்குத்தான்.”

சொல்லிவிட்டு அவர் அடுத்த பெஞ்சுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

வேதவதி திரும்பிப் பார்த்தாள். யதிராஜன் வாயில் இருந்ததை ஒரு வழியாக விழுங்கினார். கூரைத் தகரத்தை உற்றுப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“அப்போ, நாளைக்கு...” என்று மெல்ல இழுத்தார்.

வேதவதி இலையை மூடினாள். “மாட்டேன்” என்றாள், பக்கத்து மூட்டைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில்.